டயட் கோக் கேனில் அந்த ஒரு வரி யாருக்காக? அரிசியைக்கூட அளந்து சாப்பிடும் ‘பிகேயு’ குழந்தைகளின் கதை

சுகரைக் குறைக்கணும் என்று டயட் கோக்குக்கு மாறியவரா நீங்கள்? அடுத்த முறை கேனைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சுகர்ஃப்ரீ சூயிங்கம்மிலும் இதே வரியைப் பார்க்கலாம். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த எந்த உணவுப்பொருளிலும் இந்த எச்சரிக்கையைப் போட்டே ஆகவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

வாயில் நுழையாத பெயர். நமக்கில்லை என்று தாண்டிப்போய்விடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான். (அஸ்பார்டேம் கேன்சர் தருமா என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு விவாதம், அதை இங்கே கலக்க வேண்டாம்.) ஆனால் அந்த வரி யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களுக்கு கோக் பெரிய பிரச்னையே இல்லை. குடிக்காமல் விட்டால் முடிந்தது. அவர்களுக்குப் பிரச்னை பால், பருப்பு, முட்டை, இட்லி, தோசை, ஒரு தட்டு வெள்ளைச் சோறு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடும் புரதம் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாக மாறுகிறது. அதில் ஒன்றின் பெயர் பினைல்அலனின். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதியின் உதவியோடு டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். வாய்க்காலில் வரும் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடும் மதகு மாதிரி அந்த நொதி.

பினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பிகேயு, இருப்பவர்களுக்கு அந்த மதகு பிறவியிலேயே திறக்காது. வரும் தண்ணீர் இந்தப் பக்கமே தேங்குகிறது. ரத்தத்தில் பினைல்அலனின் சாதாரணமாக ஒரு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டாது. தீவிர வகை பிகேயு உள்ள குழந்தைக்கு சிகிச்சை இல்லாவிட்டால் அது 1,200-ஐத் தாண்டும். அந்த அளவில் அது வளரும் மூளையைக் கெடுக்கிறது.

பயமுறுத்தும் விஷயம் என்னவென்றால், பிறந்தபோது குழந்தை ஆரோக்கியமாகவே இருக்கும். எடை சரி, அழுகை சரி, பால் நன்றாகக் குடிக்கும். அந்தப் பாலில்தான் பினைல்அலனின் இருக்கிறது. மாதங்கள் போகப்போகத்தான் குப்புற விழவில்லை, உட்காரவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று தெரியவரும். சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். முடியும் தோலும் குடும்பத்தில் மற்றவர்களைவிட வெளுத்து இருக்கும். நிறமியைத் தயாரிக்க டைரோசின் தேவை, அது இங்கே குறைவு. சிறுநீரில் எலி வாடை மாதிரி ஒரு வாடை. இதெல்லாம் கண்ணில் படுவதற்குள் மூளையில் நடந்த சேதத்தைத் திருப்ப முடியாது.

இரண்டு அம்மாக்கள்

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு அம்மாவின் பிடிவாதத்தால்தான். நார்வேயைச் சேர்ந்த போர்க்னி எகலாண்டுக்கு இரண்டு குழந்தைகள், லிவ், டாக். இரண்டு பேருக்கும் மனவளர்ச்சி இல்லை. பிள்ளைகளிடம் ஏன் இப்படி ஒரு வாடை வருகிறது என்று டாக்டர் டாக்டராகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1934-ல் ஆஸ்ப்யோர்ன் ஃபெல்லிங் என்ற மருத்துவர் அதைக் காதில் வாங்கினார். அவர் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். பச்சை நிறம் வந்தது. அவர் அதுவரை பார்க்காத நிறம். லிட்டர் கணக்கில் சிறுநீர் வாங்கிப் பிரித்தெடுத்து, அது பினைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். நோய்க்குக் காரணம் தெரிந்தது. மருந்து? இல்லை. லிவ்வுக்கும் டாக்குக்கும் அது எந்த உதவியும் செய்யவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு அம்மா, மகளுக்கு என்ன பிரச்னை என்றே தெரியாமல் இருந்தார். 1938-ல் இலக்கிய நோபல் வாங்கிய பேர்ல் பக்தான் அவர். 1920-ல் பிறந்த அவருடைய மகள் கேரலுக்கு இருந்தது பிகேயு என்பது பல வருடங்கள் கழித்தே தெரிந்தது.

இரண்டாவது அம்மா இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்தவர், மேரி ஜோன்ஸ். 1951-ல் அவருடைய மகள் ஷீலாவுக்கு பிகேயு என்று குழந்தைகள் மருத்துவமனையில் சொன்னார் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற இளம் டாக்டர். ஷீலாவால் நிற்க முடியாது, பேச்சு கிடையாது. நாள் முழுக்க முனகல், அழுகை, தலையை முட்டிக்கொள்வது. பரிசோதனை முடிவைப் பெருமையோடு சொன்ன டாக்டரிடம் மேரி கேட்டது ஒன்றுதான்: சரி, இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிப் பார்த்தார் பிக்கல். மேரி விடவில்லை. தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வெளியே வந்து நின்றார் என்று பிக்கல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பினைல்அலனின் இல்லாத புரதத்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? லண்டனில் லூயிஸ் வூல்ஃப் என்ற வேதியியலாளர் அந்த யோசனையை ஏற்கெனவே வைத்திருந்தார். பால் புரதத்தை அமிலத்தில் உடைத்து, கரி வழியாக வடிகட்டினால் பினைல்அலனின் கரியில் தங்கிவிடும். பிக்கலும் சகாக்கள் ஜான் ஜெரார்டு, எவலின் ஹிக்மன்ஸ் இருவரும் அப்படி வடிகட்டி எடுத்ததை ஷீலாவுக்குக் கொடுத்தார்கள்.

முதலில் முன்னேற்றத்துக்குப் பதில் குழந்தை எடை குறைந்தது. பினைல்அலனின் சுத்தமாக இல்லாவிட்டாலும் உடம்பு வளராது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். கொஞ்சமாகப் பாலைச் சேர்த்தார்கள். சில மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள், நின்றாள், நாற்காலியில் ஏறினாள். முடி கருத்தது. அழுகையும் தலை முட்டலும் நின்றன.

இதற்கு உணவுதான் காரணமா என்று உறுதிசெய்ய டாக்டர்கள் செய்ததை இன்று எந்த மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அம்மாவிடம் சொல்லாமலே அந்தக் கலவையில் பினைல்அலனினைச் சேர்த்துவிட்டார்கள். சில நாட்களிலேயே ஷீலா மறுபடி அழ ஆரம்பித்தாள், நிற்க முடியவில்லை. கற்றது எல்லாம் போச்சு என்று பதறினார் மேரி. பிறகு அவருடைய சம்மதத்தோடு மறுபடி செய்து பதிவுசெய்தார்கள். 1953-ல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு மரபணு நோயால் வரும் மூளை பாதிப்பை வெறும் சாப்பாட்டை மாற்றியே தடுக்க முடியும் என்று மருத்துவ உலகம் நம்ப ஆரம்பித்தது அங்கேதான்.

ஷீலாவுக்கு அது தாமதமாகக் கிடைத்தது. முழுதாக மீளவில்லை. பிறந்த உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்றானது. அதைச் செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு, மனைவியின் சகோதரி மகளுக்கு பிகேயு. குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை வடிதாளில் காயவைத்துப் பரிசோதிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் பச்சிளம் குழந்தைப் பரிசோதனைகள் அந்த வடிதாளில்தான் தொடங்கின.

நம்ம ஊர் தட்டில் கணக்குப் போட்டால்...

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். ‘புரதத்தைக் குறைக்கணும், அவ்ளோதானே? கறி, மீன், முட்டையை விட்டுட்டு சைவமாயிட்டா போதுமே’ என்று தோன்றும். போதாது. பக்கத்திலேயே வராது.

எந்தப் புரதமாக இருந்தாலும் அதில் ஏறக்குறைய 5 சதவீதம் பினைல்அலனின். அதாவது 1 கிராம் புரதத்துக்கு சுமார் 50 மில்லிகிராம். தீவிர பிகேயு உள்ள ஒரு குழந்தையால் ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் வரை தாங்க முடியும் என்று வைத்துக்கொள்வோம் (ஆளுக்கு ஆள் இது மாறும், ரத்தப் பரிசோதனையை வைத்து டாக்டர்தான் சொல்வார்). கிராமில் சொன்னால், நாள் முழுக்க இயற்கை உணவில் வெறும் 5 கிராம் புரதம்.

ஒரு முட்டையில் 6 கிராம். கதை முடிந்தது. ஒரு டம்ளர் பசும்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம். வேர்க்கடலையில் 25 கிராம். 100 கிராம் பச்சரிசியில்? சுமார் 7 கிராம். நம் ஊரில் சோற்றை யாரும் புரதம் என்று நினைப்பதே இல்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு ரசம் சாதமே ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடும். உளுந்து சேர்ந்த ஒரு இட்லிக்கு சுமார் 2 கிராம். இரண்டு இட்லி சாப்பிட்டால் மீதி நாள் முழுவதற்கும் 1 கிராம் பாக்கி. இன்ஸ்டாகிராமில் நாம் ‘ஹை புரோட்டீன்’ தோசை ரெசிப்பி தேடிக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் சமையல் தராசில் அரை இட்லியை நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

சத்தானது என்று நாம் நம்பும் எல்லாமே இங்கே தலைகீழ். முருங்கைக்கீரை, பயறு, சுண்டல், பனீர், சிறுதானியம் எல்லாம் ஆபத்தான பட்டியலில். ‘வெறும் மாவு, சத்தே இல்ல’ என்று நாம் ஒதுக்குவது இவர்களுக்கு உயிர். அதில் ராஜா, நம்ம சேலம் ஜவ்வரிசி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ஜவ்வரிசிதான். மரவள்ளிக்கிழங்கு மாவுச்சத்தில் செய்வது என்பதால் அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், 100 கிராமில் அரை கிராம்கூட வராது. மேற்கத்திய நாடுகளில் பிகேயு குடும்பங்கள் சிறப்பு ‘குறை புரத’ பாஸ்தா, பிரெட் என்று தனியாக வாங்குகிறார்கள். நம்ம ஊரில் அந்த வேலையில் பெரும்பகுதியை மளிகைக் கடை ஜவ்வரிசியும் ஆரோரூட் மாவும் செய்துவிடும். ஜவ்வரிசி உப்புமா, பால் இல்லாமல் வெல்லம் போட்ட பாயசம், ஜவ்வரிசி வடாம். அப்பளம் மட்டும் கிடையாது, அது உளுந்து. மகாராஷ்டிரா ஸ்டைல் ஜவ்வரிசி கிச்சடியும் கிடையாது, அதில் வேர்க்கடலைப் பொடி.

சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பப்பாளி, ஆப்பிள் போன்ற காய், பழங்களில் புரதம் மிகக் குறைவு. பல நாடுகளில் இந்த வகையை கணக்கில் சேர்க்காமலே கொடுக்கிறார்கள். நெய், எண்ணெய், சர்க்கரையில் தாராளம். உருளைக்கிழங்கு கணக்கில் வரும். தாய்ப்பாலை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை என்பது பல பேருக்குத் தெரியாது. பசும்பாலைவிட தாய்ப்பாலில் புரதம் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் சிறப்பு ஃபார்முலாவோடு சேர்த்து அளவாகக் கொடுக்கலாம்.

அந்த ஃபார்முலா இல்லாமல் எதுவும் நடக்காது

5 கிராம் புரதத்தில் குழந்தை எப்படி வளரும்? வளராது. அதனால்தான் பினைல்அலனினை மட்டும் விட்டுவிட்டு மற்ற அமினோ அமிலங்கள், கூடவே டைரோசின், வைட்டமின், தாதுக்கள் கலந்த பவுடர். கரைத்து ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை குடிக்க வேண்டும். இதுதான் நிஜமான சாப்பாடு, தட்டில் இருப்பது துணைக்கு. வாடையும் கசப்பும் கலந்த ஒரு ருசி அதற்கு. கைக்குழந்தையில் பழகியவர்கள் குடித்துவிடுகிறார்கள், டீன் ஏஜில் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். சீஸ் தயாரிப்பில் கிடைக்கும் கிளைகோமேக்ரோபெப்டைடு என்ற புரதத்தில் இயல்பாகவே பினைல்அலனின் குறைவு. அதை வைத்துச் செய்த, கொஞ்சம் ருசியான வகைகளும் இப்போது வந்திருக்கின்றன.

‘கம்மியா சாப்பிட்டா இன்னும் நல்லதுதானே’ என்று பட்டினி போட்டால் விஷயம் விபரீதமாகும். வயிறு காலியானால் உடம்பு தன் சொந்தத் தசையை உடைத்துத் தின்ன ஆரம்பிக்கும். தசையும் புரதம்தான், அதிலிருந்தும் பினைல்அலனின் ரத்தத்தில் இறங்கும். காய்ச்சல் வந்தாலும் இதே கதை. அதனால் காய்ச்சல் நேரத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரைத் தண்ணீர் என்று எப்படியாவது கலோரியை உள்ளே அனுப்ப வேண்டும். கூடவே, டாக்டர் எழுதிக்கொடுக்கும் சிரப், கரைத்துக் குடிக்கும் மாத்திரைகளிலும் அஸ்பார்டேம் இருக்கலாம். அஸ்பார்டேமின் எடையில் பாதிக்கும் மேல் பினைல்அலனின்தான். கோக் கேனை விட மருந்து லேபிளைப் படிப்பது இந்த வீடுகளில் முக்கியம்.

அளவு சரியா என்று பார்க்க விரல் நுனி ரத்தம். கைக்குழந்தைக்கு வாராவாரம், பிறகு இடைவெளி கூடும். 12 வயது வரை 120-க்கும் 360-க்கும் நடுவில் வைத்திருப்பதே இலக்கு. சுற்றி இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் சாக்லேட், கோயிலில் சுண்டல், ஊருக்குப் போனால் ‘ஒரு வாய் பருப்பு சாதம் என்ன பண்ணிடப் போகுது’ என்று ஊட்டிவிடும் பாட்டி. சாப்பிட்டதும் வாந்தியோ தடிப்போ வராது என்பதால் ‘பாத்தியா, ஒண்ணும் ஆகல’ என்று முடிவும் கட்டிவிடுவார்கள்.

பெரியவர் ஆனதும் நிறுத்தலாமா?

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மூளை வளர்ச்சி முடிந்துவிட்டது என்று 6, 8 வயதிலேயே பத்தியத்தை நிறுத்தினார்கள். பிறகு பார்த்தால் கவனச் சிதறல், பதற்றம், மனச்சோர்வு, படிப்பில் சறுக்கல். 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும் என்றது. இன்றைய சிகிச்சை வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன.

பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பத்தியத்தை விட்ட பெண் கர்ப்பமானால், அவருடைய ரத்தத்தில் இருக்கும் பினைல்அலனின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். கருவுக்கு பிகேயு இல்லாவிட்டாலும் தலை சிறுத்து, இதயக் கோளாறோடு பிறக்கும் அபாயம் இருக்கிறது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே அளவைக் கீழே கொண்டுவர வேண்டும். சின்ன வயதில் சிகிச்சை எடுத்து நன்றாகப் படித்து வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு, இதைக் கல்யாணத்துக்கு முன்பே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

யார் வழியில் வந்தது?

குழந்தைக்கு ஒன்று என்றால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. பதில்: இரண்டு பேர் வழியிலும். அப்பா, அம்மா இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு திரிந்தால்தான் குழந்தைக்கு வரும். அவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்ட தம்பதியின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல இதில் ஒரு சதவீத அறிவியலும் இல்லை.

ஐரோப்பாவில் சுமார் 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் பிகேயு வருகிறது. இங்கே இது அரிது. ஆனால் இதே வகையில் மரபுவழி வரும், இதே போல் சாப்பாட்டால் கட்டுப்படுத்தக்கூடிய வேறு பல நோய்கள் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் நடந்த திருமணங்கள் 28 சதவீதம்.

அந்த நோய்களில் ஒன்று மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். குழந்தையின் சிறுநீரில் கருகிய சர்க்கரைப் பாகு வாசனை வரும். பிகேயு மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்காது, தீவிர வகையாக இருந்தால் பிறந்த சில நாட்களிலேயே குழந்தை சுருண்டுவிடும். ஒரு வேடிக்கை: வெந்தயத்திலும் அதே வாசனைப் பொருள்தான். அம்மா வெந்தயம் சாப்பிட்டதால் குழந்தையிடம் அந்த வாசனை வந்து, டாக்டர்கள் இந்த நோயோ என்று சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிரசவமானதும் வெந்தயக் களி கிண்டும் வீடுகள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. வாசனையை மட்டும் நம்பாமல் ரத்தப் பரிசோதனையில்தான் உறுதிசெய்வார்கள்.

இங்கே என்ன வழி?

பிரிட்டனில் 1969 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு குழந்தைக்கும் பிகேயு பரிசோதனை நடக்கிறது. இந்தியாவில் அப்படி நாடு தழுவிய கட்டாயம் இல்லை. பல தனியார் மருத்துவமனைகளில் கேட்டால் செய்கிறார்கள். ‘நியூபார்ன் ஸ்கிரீனிங்’ என்று கேட்பதோடு, டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். ஒரே ரத்தத் துளியில் பல நோய்களைப் பார்க்கும் முறை அது. குழந்தை பால் குடிக்க ஆரம்பித்து ஒரு நாள் ஆனபிறகு, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பது வழக்கம்.

நோய் உறுதியானால், மத்திய அரசின் 2021 அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் பிகேயு, மேப்பிள் சிரப் நோய் போன்றவை சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடியவை என்ற பிரிவில் இருக்கின்றன. 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாக மட்டும். தமிழ்நாட்டுக்கு அந்த மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. நம் பார்வையில், இந்த வகை நோய்க்கு உச்சவரம்பு வைத்த தொகை பாதி உதவிதான். ஃபார்முலா என்பது ஒரு தடவை செய்யும் ஆபரேஷன் இல்லை, மாதாமாதம் வாங்கும் மளிகை. பணம் இருந்தும் டப்பா வந்து சேரத் தாமதமானால், அந்த வாரம் குழந்தைக்கு எதைக் கொடுப்பது?

மருந்துகளும் மெதுவாக வருகின்றன. சாப்ரோப்டெரின் என்ற மாத்திரைக்கு 2007-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரைகுறையாக வேலை செய்யும் நொதியைத் தூண்டிவிடும் மருந்து அது, எனவே ஒரு பகுதியினருக்குத்தான் பலன். 2018-ல் பெரியவர்களுக்கான பெக்வாலியேஸ் ஊசி, 2025-ல் செபியாப்டெரின். பலன் கிடைப்பவர்களுக்குத் தட்டில் சோற்றின் அளவு கூடுகிறது. சிலருக்கு இன்னும் ஒரு இட்லி. சிலருக்கு பவுடரே தேவைப்படாத அளவுக்கு. எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டரின் மேற்பார்வையில் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை தராசு சமையலறையிலேயே இருக்கும்.